வேரைத் தொடாத ஊசி

“மாத்திரை வலியை அமுக்கும், அக்குபங்சர் நோயை வேரோடு எடுக்கும்.” ஒற்றைத் தலைவலிக்காரர் எவரும் இந்த வாசகத்துக்குத் தப்பியிருக்க முடியாது. பக்கத்து வீட்டு அக்கா சொல்வார். யோகா வகுப்பில் சொல்வார்கள். யூடியூபில் மனித உடல் படத்துக்கு முன்னால் நின்று ஒருவர் அரை மணி நேரம் சொல்வார். கூடவே மூன்று சாட்சிகளும் ஆஜராகும்: ஐயாயிரம் ஆண்டுப் பழமை, உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதல், பக்கவிளைவே இல்லாத வைத்தியம்.

ஊசியால் தலைவலி குறைவதில்லை என்று நான் சொல்லப்போவதில்லை. சிலருக்குக் குறைகிறது. அதற்கான ஆதாரம், நம் பகுத்தறிவு மேடைகளில் ஊசியைக் கேலி செய்கிறவர்கள் நினைப்பதைவிடக் கெட்டியாகவே இருக்கிறது. என் வழக்கு அந்த வேர்க் கதையோடு. ஊசி தரக்கூடிய நிஜமான பலனை மூடி மறைப்பதும் அந்தக் கதைதான். நோயாளியை ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்துவதும் அதுதான்.

பலனிலிருந்தே தொடங்கலாம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு, ஒற்றைத் தலைவலிக்கான அக்குபங்சர் பற்றி 2016-இல் ஒரு தொகுப்பு வெளியிட்டது. 22 ஆய்வுகள், 4,985 நோயாளிகள். தலைவலி வரும் நாட்கள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தவர்களைக் கணக்கெடுத்தார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களில் நூற்றுக்கு 41 பேர். போட்டுக்கொள்ளாதவர்களில் 17 பேர். வலி வராமல் தடுக்க அன்றாடம் விழுங்கும் மாத்திரைகளோடு மோதவிட்டபோது, மூன்றாம் மாதத்தில் ஊசிக்கு 57, மாத்திரைக்கு 46. ஆறாம் மாதத்தில் அந்த இடைவெளி 59-க்கு 54 என்று சுருங்கியது. ஆக, மாத்திரைக்கு ஊசி இளைத்ததில்லை. அக்குபங்சர்காரர்கள் மேற்கோள் காட்டும் ஆதாரம் இதுதான். காட்டட்டும், அவர்களுக்கு அந்த உரிமை உண்டு.

ஆனால் அதே தொகுப்பில் இன்னொரு வரியும் இருக்கிறது. அதை யாரும் படித்துக் காட்டுவதில்லை. சரியான புள்ளியில் குத்திய ஊசியையும் பாவனை ஊசியையும் ஒப்பிட்டபோது 50-க்கு 41. (இவை வெவ்வேறு ஆய்வுத் தொகுதிகள். முன்சொன்ன எண்களோடு கூட்டிக் கழிக்கக் கூடாது. போக்கை மட்டும் பார்க்கலாம்.) பாவனை ஊசி என்றால் புள்ளியே இல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்துவது, அல்லது தோலைத் துளைக்காமல் உள்ளிழுத்துக்கொள்ளும் மொட்டை ஊசியை வைத்து அழுத்துவது. நாடகம் முழுக்க ஒன்றே. புள்ளி மட்டும் பொய். அந்தப் பொய்ப் புள்ளிக்கே நூற்றில் 41 பேர் தேறினார்கள்.

இதை ஜெர்மானியர்கள்தான் மெனக்கெட்டுச் சோதித்தார்கள். அங்கே பொது மருத்துவக் காப்பீட்டில் இருப்பவர்கள் ஏராளமாக ஊசி போட்டுக்கொள்ளத் தொடங்கியபோது, செலவை ஏற்கலாமா வேண்டாமா என்று காப்பீட்டு அமைப்புகளுக்கு ஒரு முடிவு தேவைப்பட்டது. சும்மா விவாதிக்காமல் காசு கொடுத்துப் பெரிய ஆய்வுகளை நடத்தினார்கள். 2005-இல் வெளியான ஒன்றில் 302 ஒற்றைத் தலைவலிக்காரர்கள், எட்டு வாரத்தில் 12 அமர்வுகள். வலி நாட்கள் பாதியாகக் குறைந்தவர்கள், சரியான புள்ளியில் குத்திக்கொண்டவர்களில் 51 விழுக்காடு. தவறான இடத்தில் குத்திக்கொண்டவர்களில் 53. வெறுமனே காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களில் 15. அடுத்த ஆண்டு வந்த ஆய்வு இன்னும் பெரியது, 960 பேர். மூன்று அணிகள்: சீன முறைப்படி ஊசி, பாவனை ஊசி, வழக்கமான தடுப்பு மருந்து. பாதியாகக் குறைந்தவர்கள் முறையே 47, 39, 40 விழுக்காடு. புள்ளியியல் கணக்கில் மூன்றுக்கும் வித்தியாசம் என்று சொல்ல முடியாத அளவு நெருக்கம். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு 2006-இல் ஜெர்மனியின் முடிவெடுக்கும் குழு, நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கும் முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கும் அக்குபங்சர் செலவைக் காப்பீடு ஏற்கும் என்றது. தலைவலியைச் சேர்க்கவில்லை.

இந்த எண்கள் எதைக் கேள்வி கேட்கின்றன என்று பாருங்கள். சீன மருத்துவம், உயிராற்றல் ஓடுவதாகச் சொல்லும் நாளங்களுக்குத் தலையைப் பங்கு போட்டு வைத்திருக்கிறது. பொட்டுப் பக்கம் வலித்தால் பித்தப்பை நாளம். நெற்றி என்றால் வயிற்று நாளம். பிடரி சிறுநீர்ப்பை நாளத்துக்குச் சொந்தம். உச்சந்தலை கல்லீரல் நாளத்துக்கு. அதற்கேற்பக் காதுக்கு மேலே ஷுவாய்கு, மண்டை ஓட்டின் அடிவிளிம்பில் ஃபெங்ச்சி, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஹெகு, காலில் தாய்ச்சோங் என்று புள்ளிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். கல்லீரலின் வெப்பம் மேலேறுகிறதா, கபம் அடைத்திருக்கிறதா, ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று நாடியும் நாக்கும் பார்த்து முடிவு செய்வார்கள். அழகான வரைபடம், சந்தேகமில்லை. நோயின் வேர் இந்த வரைபடத்தில்தான் இருக்கிறது என்பது வாதம். அப்படியானால் வரைபடத்தை விட்டு விலகிக் குத்தியபோது முடிவு தலைகீழாகக் கவிழ்ந்திருக்க வேண்டுமே. ஏறக்குறைய அதே பலன் வந்தது என்றால், பலனில் பெரும்பங்கைக் கொண்டுவந்தது நாளங்கள் இல்லை என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது.

மறுபக்கச் சாட்சியையும் மறைக்கக் கூடாது. 2020-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சீன ஆய்வு வந்தது. அதற்கு முன் அக்குபங்சர் செய்துகொண்டதே இல்லாத 150 பேர், எட்டு வாரத்தில் 20 அமர்வுகள். முடிவில் மாதத்துக்கு 3.9 வலி நாட்கள் குறைந்தன. பாவனை ஊசிக்கு 2.2. இந்த முறை சரியான புள்ளி தெளிவாக முந்தியது. ஊசி குத்துகிறவருக்கு எது அசல், எது பாவனை என்பது தெரிந்தே இருக்கும். அந்த ஓட்டையை எந்த ஆய்வாலும் முழுக்க அடைக்க முடிவதில்லை. இருந்தாலும் இந்த முடிவை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். ஏற்றுக்கொண்ட பிறகும் வேர்க் கதைக்கு இதில் இடம் எங்கே? 20 முறை குத்திக்கொண்டவர்களுக்கும் தலைவலி வந்துகொண்டுதான் இருந்தது, குறைவான நாட்களில். ஒற்றைத் தலைவலித் தடுப்பு ஆய்வுகள் பாதியாகக் குறைவதை வெற்றி என்று எண்ணுவது, முழுக்க ஒழிவது அரிது என்பதால்தான்.

வேர் எங்கே என்று கேட்டால், மரபணுவைக் கைகாட்ட வேண்டியிருக்கிறது. 2022-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஒற்றைத் தலைவலிக்காரர்களின் மரபணுக்களை அலசிய ஆய்வு, நோயோடு தொடர்புள்ள 123 இடங்களை அடையாளம் காட்டியது. அம்மாவுக்கு இருந்தது மகளுக்கு வருவதும், பெண்களை அதிகம் வாட்டுவதும், மாதவிலக்கையொட்டிக் கூடுவதும், மாதவிலக்கு நின்றபின் பலருக்குத் தானாக அடங்குவதும் இந்த நோயின் இயல்பு. 48 வயதில் ஊசி போட ஆரம்பித்தவருக்கு 52 வயதில் வலி விட்டுப்போனால் புகழ் யாருக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. நரம்பியல் மருத்துவர் தரும் தடுப்பு மாத்திரைகளான புரோப்ரனலோலும் டோப்பிரமேட்டும்கூட இந்த வேரைத் தொடுவதில்லை. ஆனால் தொடுவதாக அவர் சொல்வதில்லையே.

விந்தை என்னவென்றால், வேரைப் பிடுங்க முடியாது என்று முதலில் சொன்ன சாட்சியே சீன மருத்துவத்தின் தலைமகன்தான். மூன்றாம் நூற்றாண்டில் சென் ஷோ எழுதிய ‘மூன்று அரசுகளின் வரலாறு’ நூலில் வைத்தியர் ஹுவா துவோவின் கதை இருக்கிறது. வட சீனத்தை ஆண்ட சாவ் சாவுக்குத் தீராத தலைவலி. வலி வரும்போதெல்லாம் நெஞ்சு கலங்கும், கண் சுழலும். ஹுவா துவோவை வரவழைத்து அருகிலேயே வைத்துக்கொண்டான். அவர் ஊசி குத்துவார். குத்திய கையோடு வலி நிற்கும். பிறகு மறுபடி வரும். நோய் முற்றியபோது வைத்தியர் உண்மையைச் சொன்னார்: இதைச் சீக்கிரத்தில் தீர்க்க இயலாது, விடாமல் மருத்துவம் பார்த்து வந்தால் ஆயுளை நீட்டலாம். பிறகு வீட்டு நினைவு வந்து ஊருக்குப் போனவர், மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று சாக்குச் சொல்லித் திரும்பி வராமல் இருந்தார். ஆள் அனுப்பி விசாரித்துப் பொய்யைக் கண்டுபிடித்த சாவ் சாவ், அவரைச் சிறையிலடைத்துக் கொன்றான். வேரோடு தீர்க்கத் தெரிந்தும், தன் மதிப்பைக் காப்பாற்றிக்கொள்ள நோயை வளர்த்து வைத்தான் இந்த அற்பன் என்பது அரசனின் குற்றச்சாட்டு. பின்னால் தன் செல்ல மகன் நோயில் சாகக் கிடந்தபோது, ஹுவா துவோவைக் கொன்றதற்காக வருந்தினான் என்றும் அந்த நூல் சொல்கிறது.

மண்டையைப் பிளந்து வைத்தியம் செய்ய ஹுவா துவோ முன்வந்ததாகப் பலரும் சொல்லும் கதை, ஆயிரம் ஆண்டுக்கும் மேல் கழித்து எழுதப்பட்ட நாவலின் கைவரிசை. வரலாற்று நூலில் இருப்பது அதைவிடச் சுவையானது. வேர் உண்டு, அதை அறுக்கலாம் என்று பிடிவாதம் பிடித்தவன் நோயாளி. இல்லை, தொடர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டிய நோய் இது என்று சொன்னவர் வைத்தியர். இன்றைக்கு நம்மூர் அக்குபங்சர் விளம்பரங்களில் பேசுவது சாவ் சாவின் குரல்.

ஐயாயிரம் ஆண்டுக் கணக்கை நான் இரண்டு பத்தியில் முடித்துவிடுகிறேன். பழையது என்பதாலேயே எதுவும் சரியாகிவிடாது, ஆனால் அந்தப் பழமையே இங்கு சந்தேகத்துக்குரியது. கி.மு. 168-இல் மூடப்பட்ட மாவாங்துய் கல்லறையில் கிடைத்த பட்டுச் சுவடிகளில் 11 நாளங்கள் பேசப்படுகின்றன, மூலிகையைக் கொளுத்திச் சூடு வைப்பதும் பேசப்படுகிறது, ஊசி இல்லை. 1822-இல் தாவ்குவாங் பேரரசர் அரண்மனை மருத்துவக் கழகத்திலிருந்து ஊசி வைத்தியத்தை நீக்கினார். 1929-இல் சீனக் குடியரசின் சுகாதாரக் குழு, பழைய மருத்துவத்தையே ஒழிக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தது. வைத்தியர்கள் திரண்டு எதிர்த்ததால் அது நடக்கவில்லை. இன்று உலகம் முழுக்கக் கற்பிக்கப்படும் நுண்ணூசி முறையை உருவாக்கியதில் 1930-களில் ஜப்பான் போய்வந்த செங் தானானுக்குப் பெரும்பங்கு உண்டு. ரத்தக்குழாய்களின் மேல் கிடந்த புள்ளிகளை உடற்கூறு படித்து அவர் நகர்த்தி வைத்தார். 1950-களில் மாவோவின் அரசு, மேலைமுறை மருத்துவர்கள் போதாத நாட்டில் இதைத் தூக்கி நிறுத்திப் பாடத்திட்டமாக்கியது.

தலைவலிக்குச் சீன மருந்துக் கடைகளில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் ‘தியான்மா கௌதெங்’ கஷாயம், பார்த்தால் பேரரசர் காலத்துச் சரக்கு போலிருக்கும். அது 1950-களில் எழுதப்பட்ட நூலில் உள்ள யோகம். காதில் தலைவலிப் புள்ளி காட்டுகிறார்களே, அந்தக் காது வரைபடம் முழுக்க லியோன் நகரத்துப் பிரெஞ்சு மருத்துவர் பால் நோஜியே 1950-களில் வரைந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் சாட்சி இன்னும் சுருக்கம். எல்லோரும் காட்டுவது 2003-இல் வெளியான அறிக்கை. தலைவலி அந்தப் பட்டியலில் இருப்பது உண்மை. அது அலசியது 1990-களின் இறுதி வரை வந்த ஆய்வுகளை. மேலே சொன்ன ஜெர்மன் ஆய்வுகள் அப்போது பிறக்கவே இல்லை.

பக்கவிளைவு? ஜெர்மனியில் ஊசி போட்டுக்கொண்ட 2,29,230 பேரைக் கண்காணித்ததில் 8.6 விழுக்காட்டினர் ஏதோவொரு தொந்தரவைச் சொன்னார்கள். பெரும்பாலும் ரத்தக் கசிவு, கன்றிப்போதல், குத்திய இடத்தில் வலி. இரண்டே பேருக்கு நுரையீரல் உறையில் காற்று புகுந்தது. பயிற்சி பெற்ற மருத்துவர் கையில் இது பத்திரமான சிகிச்சை என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் ‘சீன மருத்துவம்’ என்ற ஒரே போர்வைக்குள் மூலிகையையும் சேர்த்துச் சுருட்டிப் பத்திரம் என்பது அடாது. சோங் பேரரசு காலத்து அரசு மருந்தகத் தொகுப்பில் உள்ள, தேநீரோடு குடிக்கும் புகழ்பெற்ற தலைவலிச் சூரணத்தில் ஷீஷின் என்ற செடி சேர்கிறது. அதன் இலைப்பகுதியில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் அதிகம். சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோய் உண்டாக்கும். சீனாவின் மருந்து நூலே 2005-இல் முழுச்செடியை விட்டுவிட்டு வேரை மட்டும் பயன்படுத்தச் சொன்னது. 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்கச் சீன மூலிகைக் கலவை சாப்பிட்ட பெண்கள் பலர் சிறுநீரகத்தை இழந்தார்கள். குற்றவாளி இதே அமிலம்.

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். “நான் எல்லா மாத்திரையையும் விட்டேன், ஊசி போட்டேன், மூன்று மாதத்தில் தலைவலி போச்சு. உன் புள்ளிவிவரத்தை வைத்து நான் என்ன செய்ய?” இப்படிச் சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. வலிநிவாரணியே தலைவலியை உண்டாக்கும் ஒரு நிலை இருக்கிறது. பாராசிட்டமால் போன்ற சாதா மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள எர்கோட்டமைனையோ டிரிப்டானையோ, அல்லது கலவை மாத்திரையையோ 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் அதிகமாகப் போட்டுவந்தால் அந்த மாத்திரையே தினசரித் தலைவலிக்குக் காரணமாகிவிடும். எர்கோட்டமைனும் காஃபீனும் கலந்த அட்டையை மருந்துச் சீட்டில்லாமல் நீட்டும் மருந்துக் கடைகள் உள்ள ஊரில் இந்த நிலைக்குப் போவது சுலபம். இவர்கள் மாத்திரையை நிறுத்தினால் முதல் வாரம் நரகமாக இருக்கும். சில வாரங்களில் பலருக்குத் தெளியும். ஊசி குத்தினாலும் தெளியும், குத்தாவிட்டாலும் தெளியும். தலைவலி நிபுணரிடம் போயிருந்தால் அவரும் முதலில் அந்த அட்டையைத்தான் பிடுங்கியிருப்பார். தலைவலி ஏறி இறங்குகிற நோய் என்பதையும், தாங்கமுடியாத உச்சத்தில்தான் எவரும் புதிய வைத்தியரைத் தேடிப் போகிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உச்சத்துக்குப் பிறகு இறக்கம்தானே.

அக்குபங்சர்காரர் நோயாளியைப் படுக்கவைத்து அரை மணி நேரம் பேசுகிறார், நாடி பிடிக்கிறார், தொடுகிறார். ஆஸ்பத்திரியில் இரண்டு நிமிஷத்தில் ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இந்தப் புகாரில் முழு நியாயம் இருக்கிறது. ஒற்றைத் தலைவலித் தடுப்பு ஆய்வுகளை ஒப்பிட்டு 2013-இல் வந்த ஓர் ஆய்வில், போலி மாத்திரைக்கு 22 விழுக்காட்டினர் தேறியிருக்க, போலி ஊசிக்கு 38 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள். சடங்கு பெரிதானால் பலனும் பெரிதாகிறது. வலி மூளையில் உணரப்படுவது. அதைக் கவனிப்பும் எதிர்பார்ப்பும் மாற்றுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தப் பெருமையைப் பித்தப்பை நாளத்தின் கணக்கில் எழுதுவதுதான் மோசடி.

தமிழ்நாட்டில் இந்தக் கதைக்கு ஒரு தனி அத்தியாயம் உண்டு. இங்கே பரவலாக நடப்பது ஊசியே இல்லாத தொடுசிகிச்சை. நாடி பார்த்து, ஒரே ஒரு புள்ளியை விரலால் சில நொடி தொட்டு, அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்புவது. வந்தவரிடம் காட்டும் சான்றுகளோ ஊசி ஆய்வுகளின் சான்றுகள். எட்டு வாரத்தில் 20 அமர்வு, ஒவ்வொன்றிலும் பல ஊசிகள், ஆழம், திருகல், கனத்து மரத்துப்போகும் உணர்வு என்று சோதிக்கப்பட்ட ஒன்றின் பெயரில் விரல் நுனி வியாபாரம் நடக்கிறது. முன்சொன்ன 2020 சீன ஆய்வில் தோலைத் துளைக்காமல் தொட்டு மட்டும் வைத்ததைத்தான் போலி சிகிச்சை என்று எடுத்துக்கொண்டார்கள். அங்கே போலி, இங்கே அசல்.

தொட்டதால் யாருக்கும் கெடுதல் வராதே என்பார்கள். தொடுவதால் வராது, தொடுகிறவர் சொல்வதால் வரும். நோயின் வேரைத் தானே பிடுங்குவதாக நம்புகிறவர், மற்ற மருந்துகளை நிறுத்தச் சொல்வார். புரோப்ரனலோலைத் திடீரென்று நிறுத்தினால் இதய நோயாளிக்கு நெஞ்சுவலி வரலாம். வால்புரோயேட்டை நிறுத்தினால் வலிப்பு நோயாளிக்கு வலிப்பு திரும்பலாம். வலி கூடினால் அதற்கும் பதில் தயாராக இருக்கிறது: உடம்பிலிருந்து கழிவு வெளியேறுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். குறைந்தால் சிகிச்சை வேலை செய்கிறது, கூடினால் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. எந்த முடிவு வந்தாலும் தோற்காத ஒரு கொள்கையிடம் யார் உயிரை ஒப்படைப்பது?

உயிர் என்று சும்மா சொல்லவில்லை. எல்லாத் தலைவலியும் ஒற்றைத் தலைவலி இல்லை. இடி விழுந்தது போல் ஒரு நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போகும் வலி, மூளையில் ரத்தக் கசிவாக இருக்கலாம். பிள்ளை பெற்ற சில வாரங்களில் தாய்க்கு விடாமல் இருக்கும் தலைவலி, மூளையின் சிரைகளில் ரத்தம் உறைவதாக இருக்கலாம். நம் நாட்டு நரம்பியல் வார்டுகளுக்கு இது நன்கு பழக்கமான நோய். 50 வயதுக்குமேல் புதிதாக வந்து, மெல்லும்போது தாடையும் வலித்தால், பொட்டுத் தமனியின் அழற்சியாக இருக்கலாம். உடனே ஸ்டீராய்டு தராவிட்டால் கண் போகலாம். காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, கை கால் மரத்து விழுவது, பேச்சு குழறுவது, விடியற்காலை வாந்தியோடு வருவது என்று வரிசை நீள்கிறது. இவர்கள் எவரிடமும் கழிவு வெளியேறுகிறது என்று சொல்லி இரண்டு நாள் கடத்துவது, கையால் செய்யாத கொலை.

ஊசியை முயல விரும்புகிறவர் முயலட்டும். பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2012-இல் சொன்ன அளவு நியாயமானது: புரோப்ரனலோலும் டோப்பிரமேட்டும் ஒத்துக்கொள்ளாத அல்லது பலிக்காத ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு 5 முதல் 8 வாரங்களில் அதிகபட்சம் 10 அமர்வுகள், நாட்பட்ட இறுக்கத் தலைவலிக்கும் அவ்வளவே. முதலில் நரம்பியல் மருத்துவரோ பொது மருத்துவரோ இது என்ன தலைவலி என்று பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். ஊசி தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே ஒரு நோட்டு போட்டு, வலி வந்த நாளையும் விழுங்கிய மாத்திரையையும் குறித்துவர வேண்டும். புதிய ஊசி, ஒரே முறை பயன்படுத்தும் ஊசி. அதைக் கண்ணெதிரே உறை பிரித்துப் போட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் மருந்தை எழுதிக்கொடுத்தவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. பத்தாவது அமர்வு முடிந்ததும் நோட்டைத் திறந்து எண்ணிப் பாருங்கள். வலி நாட்கள் ஏறத்தாழப் பாதியாகியிருந்தால் கொடுத்த காசு வீணில்லை. ஆகவில்லையென்றால், அவர் பதினொன்றாவது அமர்வுக்கு நாள் குறிப்பதற்கு முன்பே செருப்பை மாட்டிக்கொள்ளலாம்.